பழைய ஹாலிவுட் உடைகளை ரசிப்பது வெறும் பாவனையா? ஒரு தையல்காரியின் பதில்

கேள்வி: கறுப்பு வெள்ளைக் கால ஹாலிவுட் படங்களையும் அந்தக் கால உடைகளையும் உயிராக நேசிப்பதாகச் சொல்பவர்கள் உண்மையிலேயே ரசிக்கிறார்களா, அல்லது தங்களை உயர்த்திக் காட்டிக்கொள்ளும் பாவனையா?

பழைய படங்களைப் பற்றி ஓயாமல் பேசும் யாரோ ஒருவர், நீங்கள் அவற்றைப் பார்க்கவில்லை என்பதற்காக உங்களைக் குறைவாகப் பேசியிருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன். அப்படி நடந்திருந்தால் அது தவறுதான். ஆனால் அந்த ஒருவரை வைத்து எல்லோரையும் பாவனைக்காரர்கள் என்று முடிவுகட்டினால் என்னைப் போன்றவர்களுக்கு வலிக்கிறது. நான் திருநெல்வேலியில் தையல் தொழில் செய்கிறேன். பெண்களுக்கு வகுப்பும் எடுக்கிறேன். இந்தப் படங்களைப் பார்ப்பதால் என் தெருவில் எனக்கு எந்த மரியாதையும் கூடிவிடவில்லை. தைத்த துணியை அவ்வளவு கவனத்தோடு வெளிச்சத்தில் நிறுத்திக் காட்டிய படங்களை நான் வேறெங்கும் பார்த்ததில்லை என்பதால் பார்க்கிறேன், அவ்வளவுதான்.

1990களின் பிற்பகுதியில், பகலெல்லாம் கார்ட்டூன் ஓடிய கேபிள் அலைவரிசையிலேயே இரவானால் டி.என்.டி. என்ற பெயரில் எம்.ஜி.எம். நிறுவனத்தின் பழைய படங்கள் ஓடும். அப்போது தையல் பழகிக்கொண்டிருந்த எனக்கு அந்த வேகமான ஆங்கிலம் பிடிபடாது என்பதால், கண் தானாகவே உடைகளின்மேல் போய் நின்றது. கை எங்கே ஏற்றப்பட்டிருக்கிறது, டார்ட் (துணியை உள்ளே மடித்துத் தைக்கும் பிடிப்பு) பிடிக்காமலே இடுப்பில் எப்படி ஒட்டி நிற்கிறது, கழுத்து வளைவு ஏன் சுருங்கவில்லை என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே படம் முடிந்துவிடும். கதையெல்லாம் பல ஆண்டுகள் கழித்து, மறுபடி பார்த்தபோதுதான் எனக்கு வந்து சேர்ந்தது.

அவற்றில் என்னை அதிகம் அலைக்கழித்தது 1933இல் ஜார்ஜ் க்யூகர் இயக்கத்தில் வெளிவந்த 'டின்னர் அட் எய்ட்'. அதில் ஜீன் ஹார்லோ அணிந்துவரும் வெள்ளை சாட்டின் கவுனை எம்.ஜி.எம்.மின் ஆடை வடிவமைப்பாளர் ஏட்ரியன் உருவாக்கியிருந்தார். துணியை நேராக வெட்டாமல் 45 டிகிரி சாய்த்து வெட்டும்போது, பாவும் ஊடையும், அதாவது நீள இழையும் குறுக்கு இழையும், ஒன்றையொன்று இறுக்கிப் பிடிக்காமல் இளகிக் கொடுக்கின்றன. அதனால் துணி உடம்பின் வளைவைத் தானே தேடிப் போய்ப் படிகிறது. பாரிஸில் மாதலைன் வியோனே என்ற ஆடை வடிவமைப்பாளர் 1920களில் செம்மைப்படுத்திய இந்த வெட்டுமுறையைத்தான் ஹாலிவுட் 1930களில் தன்னுடையதாக்கிக்கொண்டது. இதில் நமக்கு அந்நியமான எதுவும் இல்லை. நம் ஊரில் கிராஸ் கட் ஜாக்கெட் தைக்கும் ஒவ்வொரு தையல்காரியும் முன்பக்கத் துண்டுக்கு இதைத்தான் செய்கிறாள். நாம் ஒரு துண்டுக்குச் செய்வதை அவர்கள் தோள் முதல் பாதம் வரை செய்தார்கள்.

அதை நானே செய்து பார்க்கும் வாய்ப்பும் வந்தது. என்னிடம் தையல் பயின்ற பாளையங்கோட்டைப் பெண் ஒருத்திக்குத் திருமணம் நிச்சயமானது. கிறிஸ்தவக் குடும்பம், தேவாலயத்தில் வெள்ளைச் சேலை, மாலை வரவேற்புக்கு வெள்ளைக் கவுன் என்று பேச்சு. வாடகைக்குக் கிடைக்கும் குடை போன்ற கவுன்கள் எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. நான் வகுப்பில் அடிக்கடி காட்டும் அந்த 1930களின் கவுனைப் போல, முழுக் கையும் மூடிய கழுத்துமாக வேண்டும் என்று கேட்டாள். கனமான சாட்டின் வாங்கினோம். சாய்த்து வெட்டினால் துணி வழக்கத்தைவிட அதிகம் செலவாகும் என்பதால் கத்தரி வைப்பதற்கு முன்பு காடாத் துணியில் ஒரு மாதிரி தைத்துப் பார்த்தேன். சாட்டின் மேசையில் வழுக்கும். இழை சிறிது விலகினாலும் தைத்த பிறகு கவுன் ஒரு பக்கமாகத் திருகிக்கொள்ளும். தையல் இழுபடாமல் இருக்க அடியில் மெல்லிய தாள் வைத்து ஓட்டி, பிறகு அந்தத் தாளைக் கிழித்தெடுத்தேன். ஓரம் மடிக்காமல் சில நாட்கள் தொங்கவிட்டபோது, துணி தன் எடையிலேயே இறங்கி, கீழ் விளிம்பு ஓரிடத்தில் தாழ்ந்தும் ஓரிடத்தில் உயர்ந்தும் நின்றது. அப்படி இறங்கி முடித்த பிறகுதான் தரையிலிருந்து அளந்து சமப்படுத்த வேண்டும்.

அப்படித் தொங்கிக்கொண்டிருந்த நாளில் அவளுடைய அம்மா வந்தார். சாய்த்து வெட்டிய கவுனுக்குக் கொக்கியில் வடிவமே இருக்காது. "கவுனுன்னு சொல்லிட்டு உள்பாவாடையத் தச்சுத் தொங்க விட்டிருக்கியளே டீச்சர், சொந்தக்காரங்க என்ன சொல்லுவாவ?" என்றார். "அவ போட்டுக்கிட்டு நாலு எட்டு நடக்கட்டும்க்கா, அப்புறம் சொல்லுங்க" என்றேன். பெண் அணிந்துகொண்டு முன்னறையிலிருந்து வாசல் வரை நடந்தாள். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தபோது, இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஒரு நீண்ட வெள்ளைக் கோடு நகர்ந்து நகர்ந்து போனது. அந்த அம்மா உள்ளே வலைப்பாவாடை வைக்கச் சொல்லிக் கேட்பதை அன்றோடு நிறுத்திவிட்டார். கை ஓரத்தில் மட்டும் கொஞ்சம் லேஸ் வேண்டும் என்றார். மனப்பூர்வமாக வைத்துக் கொடுத்தேன்.

வரவேற்பில் புகைப்படக்காரர் நேர் எதிரே நின்று ஃபிளாஷ் அடித்ததில் அந்தக் கோடு முழுவதும் அழிந்து, படங்களில் கவுன் வெறும் வெள்ளைத் திட்டாக நின்றதைப் பார்த்தபோது எனக்கு மிகுந்த வருத்தமாக இருந்தது. பழைய படங்களில் உடைக்கு எவ்வளவு பாடுபட்டார்களோ அவ்வளவு பாடு வெளிச்சத்துக்கும் பட்டார்கள் என்பது அன்றுதான் எனக்கு முழுமையாக உறைத்தது. 1932இல் ஜோசப் வான் ஸ்டெர்ன்பெர்க் எடுத்த 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' படத்தில், டிராவிஸ் பான்டன் வடிவமைத்த கறுப்பு இறகு உடையும் முகவலையுமாக மார்லின் டீட்ரிச் நிற்கிறார். கறுப்பின்மேல் கறுப்பு, கவனமில்லாமல் ஒளியமைத்திருந்தால் திரையில் ஒரு கரிய பொட்டலம்தான் தெரிந்திருக்கும். ஒளிப்பதிவாளர் லீ கார்ம்ஸ் விளக்கை மேலிருந்து இறக்கியதில் இறகின் ஒவ்வொரு நுனியும் தனித்தனியாகத் தெரிகிறது. அந்தப் படத்துக்காக அவருக்கு ஆஸ்கர் விருது கிடைத்தது. 1938இல் வில்லியம் வைலர் இயக்கிய 'ஜெசபெல்' படத்தில் கன்னிப் பெண்கள் வெள்ளை உடுத்தியே வரவேண்டிய நடன விழாவுக்கு பெட்டி டேவிஸ் சிவப்புக் கவுனில் வருவார். கறுப்பு வெள்ளைப் படம். சிவப்பு என்று ஒன்று திரையிலேயே கிடையாது. ஆயினும் சுற்றிலும் விலகி நிற்கும் வெள்ளைக் கவுன்களுக்கு நடுவே, ஓரி கெல்லி வடிவமைத்த அந்த உடையைப் பார்க்கும் எவருக்கும் சிவப்பாகவே தெரியும். வண்ணம் இல்லாமல் வண்ணத்தைக் காட்டிய அந்தத் திறமைக்கு முன்னால் நான் இன்றும் தலைவணங்குகிறேன்.

ஆஸ்கரில் ஆடை வடிவமைப்புக்கென்று விருது தொடங்கியதே 1949இல்தான். அப்போது கறுப்பு வெள்ளைப் படங்களுக்குத் தனியாகவும் வண்ணப் படங்களுக்குத் தனியாகவும் கொடுத்தார்கள். இரண்டும் வெவ்வேறு வித்தை என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அந்த விருதை எட்டு முறை வென்ற ஈடித் ஹெட், உடம்பின் அமைப்பை உடையால் திருத்துவதில் பெரிய கைகாரர். 1941இல் 'தி லேடி ஈவ்' படத்துக்காக பார்பரா ஸ்டான்விக்குக்கு இடுப்புப் பட்டியை முன்புறம் அகலமாகவும் பின்புறம் குறுகலாகவும் வைத்து, தாழ்ந்திருந்த இடுப்பை உயர்ந்ததாகக் காட்டினார். 1950இல் வந்த 'ஆல் அபௌட் ஈவ்' படத்தில் பெட்டி டேவிஸின் புகழ்பெற்ற தோள் இறங்கிய கவுன், மேற்பகுதி அளவு தவறிப் பெரிதாகிப்போனதால் பிறந்தது. ஈடித் ஹெட் பதறி நிற்க, பெட்டி டேவிஸ் கழுத்தைத் தோளுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு அப்படியே நடித்தார். அளவு தவறிய ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வாடிக்கையாளர் முன் நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்த எவருக்கும் அந்தக் காட்சி வேறு மாதிரிதான் தெரியும்.

ஈடித் ஹெட்டிடமும் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. 1954இல் வந்த 'சப்ரினா' படத்தில் ஆட்ரி ஹெப்பர்ன் பாரிஸிலிருந்து திரும்பிய பின் அணியும் முக்கியமான உடைகள் பிரெஞ்சு ஆடை வடிவமைப்பாளர் ஊபேர் த ஜிவான்ஷியிடமிருந்து வந்தவை. படத்தின் பெயர்ப் பட்டியலில் அவர் இல்லை. விருது ஈடித் ஹெட்டுக்குப் போனது. ஜிவான்ஷியாவது பிற்பாடு உலகப் புகழ் பெற்றுவிட்டார். ஸ்டுடியோக்களின் தையற்கூடங்களில் மணிகளைக் கோத்தும் விளிம்புகளைக் கையால் மடித்தும் கொடுத்த பெண்களின் பெயர்கள் திரையில் வரவே இல்லை. எனக்கு இது வெறும் தகவல் இல்லை. நான் வெட்டித் தைத்த ஜாக்கெட்டுகளில் ஒரு கடை தன் பெயர்த் துண்டைத் தைத்து, எனக்குக் கொடுத்த கூலியைப்போலப் பல மடங்கு விலைக்கு விற்றது. கேட்டபோது, வடிவமைப்பு தங்களுடையது என்று சொல்லிவிட்டார்கள். இங்கே பதில் எழுதும் வாய்ப்புக் கிடைத்ததால் சொல்லிவிட்டேன்.

சிலர் வேறு மாதிரியும் கேட்பார்கள் என்று எனக்குத் தெரியும். அந்தக் காலத்து ஹாலிவுட் நிறவெறி நிறைந்தது, அதைப் போய்ப் புகழலாமா என்பார்கள். நிறைந்ததுதான். 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' படத்தில் டீட்ரிச்சுக்குச் சமமாக நின்ற சீன வம்சாவளி நடிகை அன்னா மே வாங், சீனக் குடும்பத்தின் கதையைச் சொன்ன 'தி குட் எர்த்' படத்தில் கதாநாயகியாக்கப்படவில்லை. 1937இல் வந்த அந்தப் படத்தில் அந்த வேடம் வெள்ளைக்கார நடிகை லூயிஸ் ரெய்னருக்குப் போனது. 1940இல் ஆஸ்கர் வென்ற கறுப்பின நடிகை ஹாட்டி மெக்டேனியலை விழா அரங்கில் தனி மேசையில் உட்கார வைத்தார்கள். இவற்றை மறந்துவிடச் சொல்லும் ரசிகை அல்ல நான். ஒரு கையின் வேலையை மதிப்பதற்கு அந்த முதலாளிகளின் நடத்தையை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் எனக்கில்லை. நம் சேலைக்கு என்ன குறை என்று கேட்பவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: நான் தினமும் உடுத்துவது சேலைதான்.

நீங்கள் நேரில் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல விரும்பினால் 'டின்னர் அட் எய்ட்' படத்திலிருந்தே தொடங்குங்கள். பின்னாளில் சாயம் ஏற்றிய பழைய படங்கள் சில கிடைக்கின்றன. எந்தப் படமானாலும் அவற்றைத் தவிர்த்துக் கறுப்பு வெள்ளையிலேயே பாருங்கள். தொலைக்காட்சியில் படத்தைத் திரை முழுவதும் இழுத்துக் காட்டும் அமைப்பு இருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். அந்தப் படங்கள் ஏறக்குறைய சதுரமான சட்டத்துக்காக எடுக்கப்பட்டவை. அகலமாக இழுத்தால், மாதக்கணக்கில் பாடுபட்டுக் கொண்டுவந்த இடுப்பும் தோளும் முதல் காட்சியிலேயே கெட்டுப்போகும்.