வாங்காத கடன் எங்கிருந்து வந்தது?

கேள்வி: லெபோ பசாரில் ஒரு சென்டிரியான் பெர்ஹாட்டில், அதாவது தனியார் நிறுவனத்தில், கணக்கு எழுதுகிறேன். பங்குச் சந்தையில் உள்ள குழுமம் ஒன்று எங்களை வாங்கியதிலிருந்து, கடை வாடகையைக் கடனாகக் காட்டச் சொல்கிறார் ஆடிட்டர். இது என்ன கூத்து?
– ஜார்ஜ்டவுன் வாசகி

பதில்: ஆடிட்டர் சொல்வது சரிதான் அம்மா. குழுமம் வாங்கும்வரை எம்பெர்ஸ் (மலேசியத் தனியார் நிறுவனங்களுக்கான கணக்கு விதிமுறை) போதும், வாடகையை மாதாமாதம் செலவில் எழுதிவிட்டுப் போகலாம். இப்போது 2019 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ள எம்எஃப்ஆர்எஸ் 16 என்ற குத்தகைக் கணக்கு விதிக்குள் வந்துவிட்டீர்கள்.

வாடகை மாதம் 5,000 வெள்ளி (ரிங்கிட்), ஐந்து வருட ஒப்பந்தம், வட்டி 5 விழுக்காடு என்று வையுங்கள். கொடுக்கப்போகும் 300,000 வெள்ளியின் இன்றைய மதிப்பு, அதாவது வட்டியைக் கழித்த மதிப்பு, ஏறக்குறைய 265,000, அது ஒரு பக்கம் கடன், மறுபக்கம் கடையைப் பயன்படுத்தும் உரிமை என்ற சொத்து. அப்புறம் வாடகைச் செலவு என்ற வரியே காணாமல் போய், தேய்மானம் 53,000, வட்டி 12,000 என்று முதல் வருடம் 65,000 செலவு ஏறும். கையிலிருந்து போவது அதே 60,000தான்! கடைசி வருடங்களில் இது தலைகீழாகும்.

கணக்கில் கடன் கூடுவதைப் பார்த்து முதலாளி பதறுவார். பேங்க் கடனுக்குக் கடன் விகித நிபந்தனை (மொத்தக் கடன் இவ்வளவு விகிதத்தைத் தாண்டக்கூடாது என்பது) இருந்தால் பேங்க்கிடம் முன்கூட்டியே பேசச் சொல்லுங்கள். வாங்கும் உரிமை இல்லாத, 12 மாதத்துக்கு மேற்படாத ஒப்பந்தங்களுக்குப் பழையபடியே எழுதலாம்.