விண்டர்செட்: ஐயாயிரம் பேர் வாழும் ஒரு தலைநகரம் – கேள்வி பதில்

அமெரிக்காவில் எங்கே என்று கேட்பவர்களிடம் அயோவா என்றால், "ஒஹாயோவா?" என்பார்கள். இல்லை, அயோவாதான். அதில் மேடிசன் கவுன்டி, அதன் தலைமையிடமான விண்டர்செட். மனைவிக்கு இங்கே வேலை, எனக்கு 35 மைல் தள்ளி, மாநிலத் தலைநகர் டெமாயினில். வந்து ஒன்பது வருடம் ஆகிறது. போன வாரம் ஊரைப் பற்றி இரண்டு வரி எழுதப்போய்க் கேள்விகள் குவிந்துவிட்டன. தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே: கவுன்டி என்பது நம்ம தாலுகாவா, மாவட்டமா?

ப: பரப்பில் மாவட்டம், ஜனத்தொகையில் ஒரு பெரிய ஊராட்சி. மேடிசன் கவுன்டி 562 சதுர மைல். சென்னை மாவட்டத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல். 2020 கணக்கெடுப்பில் மொத்தமே 16,548 பேர், அதில் விண்டர்செட்டில் 5,353. இப்படி அயோவாவில் 99 கவுன்டிகள். குதிரை வண்டியில் கிளம்பும் விவசாயி கோர்ட் ஹவுஸ் வேலையை முடித்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்ப வேண்டும், அதற்குத்தான் இந்த அளவு என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். வரைபடத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றும், பெரும்பாலும் ஒரே அளவுக் கட்டங்கள்.

கே: கோர்ட் ஹவுஸ் என்றால் வழக்கு மட்டும்தானா?

ப: வழக்கு ஒரு மூலையில். மற்றபடி நம்ம ஊர் தாசில்தார் ஆபீஸ், சார்பதிவாளர், ஆர்.டி.ஓ., தேர்தல் பிரிவு எல்லாவற்றின் வேலையும் கவுன்டி தலையில்தான். சொத்து வரியும் வண்டிப் பதிவும் ட்ரெஷரரிடம். அயோவாவில் பெரும்பாலான கவுன்டிகளில் டிரைவிங் லைசென்ஸும் அவரிடமே. பத்திரப் பதிவுக்கும் கல்யாண லைசென்ஸுக்கும் ரெக்கார்டர். தேர்தல் நடத்துவது ஆடிட்டர். இவர்கள் எல்லோருமே மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தவர்கள்.

சொத்து வரியை செப்டம்பரில் பாதி, மார்ச்சில் பாதி கட்ட வேண்டும். ஆன்லைனிலேயே கட்டலாம். ஆனாலும் நான் நேரில்தான் போவேன். போன செப்டம்பரில் எனக்கு முன்னால் நின்ற பெரியவர் சட்டைப் பையிலிருந்து ஏற்கெனவே எழுதி நான்காக மடித்த காசோலையை எடுத்து, கவுன்டரில் வைத்து உள்ளங்கையால் இரண்டு தரம் நீவிவிட்டார். "உங்க பக்கம் எவ்வளவு மழை?" என்று உள்ளேயிருந்த பெண் கேட்டார். "ஆறு பத்து" என்றார் பெரியவர். ஒரு அங்குலத்தில் பத்தில் ஆறு பங்கு. ரசீது வருவதற்குள் யார் வயலில் எவ்வளவு பெய்தது என்று ஐந்து நிமிடப் பேச்சு. பின்னால் நின்ற யாரும் முனகவில்லை. எனக்குத்தான் கால் மாற்றிக்கொண்டே இருந்தது.

கே: போலீஸ் அதிகாரியான ஷெரிஃப்கூடத் தேர்தலிலா?

ப: ஆமாம், நான்கு வருடத்துக்கு ஒரு முறை, கட்சிப் பெயரோடு. எனக்கு இது இன்னும் முழுதாக ஜீரணமாகவில்லை.

கே: "விண்டர்" என்று ஊருக்குப் பேர் வைப்பானேன்?

ப: 1849-ல் ஊர் அமைத்தபோது "சம்மர்செட்" என்று வைக்கத்தான் பேச்சு நடந்ததாம். அன்றைக்குப் பார்த்துக் கோடையிலேயே குளிர் வாட்ட, நடுங்கிக்கொண்டிருந்த ஒருவர் "அதுக்கு விண்டர்செட்னே வச்சிடலாமே" என்று எரிச்சலில் சொன்னது நிலைத்துவிட்டது. கதையாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் ஒரு வாரம் இருந்து பார்த்தால் சந்தேகம் வராது.

கே: ஹாலிவுட் நடிகர் ஜான் வெய்ன் பிறந்த ஊர் இதுதானே?

ப: இதுதான். 1907 மே 26, மாரியன் ராபர்ட் மாரிசன் என்ற பெயரில். சின்ன வயதிலேயே குடும்பம் கலிஃபோர்னியா போய்விட்டது. பிறந்த வீடு இருக்கிறது, நான்கே அறை. பக்கத்தில் அருங்காட்சியகமும் வந்துவிட்டது.

ஆனால் யாராவது விருந்தாளி வந்தால் நான் முதலில் சொல்வது ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் என்ற விவசாய விஞ்ஞானியின் கதையை. அடிமைத்தனத்தில் பிறந்தவர். கான்சாஸில் ஒரு கல்லூரி, கறுப்பர் என்று தெரிந்ததும் வாசலோடு திருப்பி அனுப்பியது. 1880-களின் கடைசியில் விண்டர்செட் வந்து ஹோட்டலில் சமையல் செய்தார், துணி வெளுத்தார். சர்ச்சில் பழக்கமான மில்ஹாலண்ட் என்ற டாக்டர் தம்பதிதான் "நீ படிக்கணும்" என்று விடாமல் நச்சரித்து, பக்கத்து கவுன்டியில் இருந்த சிம்ப்சன் கல்லூரிக்கு அனுப்பினார்கள். அது 1890. அங்கிருந்து அயோவா ஸ்டேட் கல்லூரி. 1896-ல் முதுகலை முடித்துவிட்டு, அலபாமாவில் டஸ்கீகி கல்லூரியில் ஆசிரியர் வேலை. நிலக்கடலை என்றதும் அமெரிக்கர்கள் சொல்லும் பெயர் அவருடையதுதான். ஊருக்குள் அவர் பேரில் ஒரு சின்னப் பூங்கா இருக்கிறது. கூட்டம் என்னவோ நடிகர் வீட்டில்தான்.

கே: கூரை போட்ட பாலங்கள் உங்கள் ஊர்தானே? பாலத்துக்கு எதற்குக் கூரை?

ப: மழைக்கு ஒதுங்க இல்லை. பாலத்தின் கனமான மரச் சட்டங்களும் தளப் பலகையும் மழையில் நனைந்தால் சில வருடங்களில் உளுத்துப்போகும். அவற்றை மாற்றுவதைவிட மேல் பலகையை மாற்றுவது மலிவு என்று கவுன்டி சூப்பர்வைசர்கள் கணக்குப் போட்டார்கள். அழகெல்லாம் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. பாலத்துக்குப் பெயரும் அப்படித்தான், பக்கத்தில் குடியிருந்தவர் பெயர்: ரோஸ்மன், ஹாலிவெல், ஐம்ஸ். பத்தொன்பது இருந்தன. இப்போது ஆறு. 1995-ல் வந்த 'தி பிரிட்ஜஸ் ஆஃப் மேடிசன் கவுன்டி' என்ற ஹாலிவுட் படத்தால் உலகம் முழுக்கத் தெரிந்துபோயின.

ரோஸ்மன் 1883-ல் கட்டியது. உள்ளே நுழைந்தால் கோடையிலும் பழைய மர வாசனையோடு ஒரு குளிர்ச்சி. குறுக்குச் சட்டங்களின் இடைவெளியில் வெயில் விழுந்து, தரை முழுக்கப் பாய் பின்னின மாதிரி இருக்கும். கை எட்டும் உயரம் வரை காதலர் பெயர்கள். அந்த விஷயத்தில் அயோவாவும் மகாபலிபுரமும் ஒன்றுதான்.

சீடர் பாலத்தை மட்டும் 2002-ல் யாரோ கொளுத்தினார்கள். அதே மாதிரி திரும்பக் கட்டினார்கள். 2017-ல் மறுபடி எரிந்தது, விடலைப் பையன்கள் வேலை. மறுபடி கட்டினார்கள். காரை உள்ளே ஓட்டிப் போக முடிகிற பாலம் அது ஒன்றுதான்.

கே: ஆப்பிள் பற்றி ஏதோ எழுதியிருந்தீர்களே?

ப: பழக்கடையில் கருஞ்சிவப்பாக, அடியில் ஐந்து முட்டு வைத்த ஆப்பிள் பார்த்திருப்பீர்கள். ரெட் டெலிஷியஸ். அதன் முதல் மரம் இந்தக் கவுன்டியில், பெரூ என்ற சிற்றூருக்கு அருகில் ஜெஸ்ஸி ஹயட் என்ற விவசாயி தோட்டத்தில் தானாக முளைத்தது. வரிசைக்கு வெளியே நிற்கிறதே என்று இரண்டு தரம் வெட்டினார், இரண்டு தரமும் துளிர்த்தது. "சரி, பிழைச்சுப் போ" என்று விட்டாராம். பழத்தை மிசூரியில் ஸ்டார்க் சகோதரர்கள் நடத்திய போட்டிக்கு அனுப்பினார். தின்று பார்த்தவர்கள் அசந்து நின்றால், அனுப்பியவர் விலாசத்தைக் காணோம்! அடுத்த வருடம் அவரே திரும்ப அனுப்பியதால் பிழைத்தது. அந்த ஸ்டார்க் நர்சரியிலிருந்துதான் சாமுவேல் ஸ்டோக்ஸ் என்ற அமெரிக்கர் 1916 வாக்கில் சிம்லா பக்கம் கோட்கடுக்குக் கன்றுகள் கொண்டுபோனார். ஆக, கோயம்பேட்டில் நீங்கள் பேரம் பேசும் சிம்லா ஆப்பிளுக்குப் பூர்வீகம் எங்கள் கவுன்டி.

கே: வீடு வாங்கினீர்களே, பத்திரம் எப்படி? வில்லங்கம் பார்க்கிறார்களா?

ப: இதைக் கேட்டதற்கு நன்றி. அமெரிக்காவில் மற்ற இடங்களில் டைட்டில் இன்ஷூரன்ஸ், அதாவது பின்னால் சொத்தில் வில்லங்கம் வந்தால் ஈடு கட்டும் காப்பீடு, எடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பார்கள். அயோவாவில் அதை விற்கவே சட்டம் அனுமதிப்பதில்லை. இங்கே 'ஆப்ஸ்ட்ராக்ட்' உண்டு. நம்ம மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் சேர்த்துக் கட்டின மாதிரி ஒரு கட்டு. வக்கீல் முதல் பக்கத்திலிருந்து படித்துவிட்டுக் கருத்து எழுதித் தருவார். எங்கள் வீட்டுக் கட்டு இரண்டு விரற்கடை தடிமன். பழைய தட்டச்சுத் தாள்கள், ஓரம் பழுப்பேறி, தொட்டாலே பொடியும். யார் யாரிடம் அடகு வைத்தார், எந்த விதவைக்கு எவ்வளவு பங்கு, எந்த வருடம் வரி பாக்கி, எல்லாம் இருக்கிறது. ஒரு ராத்திரி முழுக்க உட்கார்ந்து படித்தேன்.

முதல் பதிவு, அமெரிக்க அரசாங்கம் ஒருவருக்குக் கொடுத்த பட்டா. அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை. பூர்வகுடிகளான சாக், மெஸ்க்வாக்கி மக்கள் 1842 ஒப்பந்தத்தில் இந்த மண்ணை விட்டுக்கொடுத்து, 1845 அக்டோபரில் வெளியேற வேண்டியிருந்தது. அடுத்த வருடமே கவுன்டி உருவாகிவிட்டது. மெஸ்க்வாக்கிகள் சிலர் திரும்பி வந்து, 1857-ல் டாமா கவுன்டியில் காசு கொடுத்து நிலம் வாங்கினார்கள். இன்றும் அங்கே இருக்கிறார்கள். சொந்த மண்ணைக் கிரயம் பண்ணி வாங்கினவர்கள்.

கே: சின்ன ஊர்கள் காலியாகின்றன என்கிறார்களே?

ப: நிறைய ஊர்கள் அப்படித்தான். அப்பா காலத்தில் பத்துக் குடும்பம் உழுத நிலத்தை இன்று ஒரு குடும்பம் பெரிய மெஷினை வைத்து உழுகிறது. ஆள் குறைந்தால் பள்ளிக்கூடம் மூடும், பிறகு மளிகைக் கடை. விண்டர்செட் 2010-ல் 5,190, இப்போது கொஞ்சம் கூடவே. டெமாயின் பக்கத்தில் இருப்பது ஒரு காரணம். ஆனால் என் கணிப்பில் பெரிய காரணம் அந்தக் கோர்ட் ஹவுஸ்தான். அது இருப்பதால் வக்கீல்கள், ஆப்ஸ்ட்ராக்ட் ஆபீஸ், வங்கி, மத்தியானம் சாப்பாட்டுக் கடை. முந்தைய கட்டடம் 1875-ல் எரிந்தபோது ஊர் சும்மா இருக்கவில்லை, அடுத்த வருடமே உள்ளூர் சுண்ணாம்புக் கல்லில் குவிமாடம் வைத்துப் புதிதாகத் தொடங்கிவிட்டார்கள். தலைமையிடம் பக்கத்து ஊருக்குப் போனால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும்.

கே: டொர்னாடோ பயம் உண்டா?

ப: 2022 மார்ச் 5, சனிக்கிழமை சாயங்காலம். நிலவறையில் மூன்று பேரும் மெத்தையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஊருக்கு வெளியே தெற்குப் பக்கமாக அது போய்விட்டது. கவுன்டியில் ஆறு பேர் இறந்தார்கள். மறுநாள் எங்கிருந்தோ பறந்துவந்த தகரத் துண்டு ஒன்று வேலியில் சொருகிக் கிடந்தது. இதற்கு மேல் எழுத மனமில்லை.

கே: கறிவேப்பிலை கிடைக்குமா?

ப: வெஸ்ட் டெமாயின் பக்கம் இந்தியக் கடைகள் உண்டு. தொட்டியில் மூன்று தரம் வைத்தேன், மூன்று தரமும் பனிக்காலம் தின்றுவிட்டது. ஹயட் ஆப்பிள் மாதிரி எதுவும் துளிர்க்கவில்லை.

கே: ஒரு நாள் வந்தால் என்ன பார்க்கலாம்?

ப: அக்டோபர் இரண்டாவது வாரக் கடைசியில் பாலத் திருவிழா. கூட்டம் பிடிக்கும் என்றால் அப்போது வாருங்கள். என்னைக் கேட்டால் வேலை நாள்தான். காலையில் சதுக்கத்தில் 1876 முதல் நடக்கும் நார்த்சைட் கஃபேயில் காபி. பிறகு ரோஸ்மன் பாலம். சரளைச் சாலையில் எதிரே வரும் வண்டிக்காரர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்குவார், நீங்களும் தூக்குங்கள், வணக்கம் அவ்வளவுதான். நாலரைக்குள் திரும்பிவிட்டால் கோர்ட் ஹவுஸ் திறந்திருக்கும். உள்ளே போகப் பாஸ் எதுவும் கேட்க மாட்டார்கள். என்ன வேலையாக வந்தீர்கள் என்று யாராவது விசாரித்தால் சும்மா பார்க்க என்று சொல்லுங்கள், மழை பற்றிப் பேச்சு ஆரம்பித்துவிடும்.