சேத் சிற்றப்பனா, தாய்மாமனா? எகிப்தியத் தெய்வ உறவுகள்: கேள்வி பதில்

கேள்வி: எகிப்தியத் தெய்வங்களின் வம்சாவளியை ஒரே தாளில் வரைய முயன்றேன். ஹோரஸ் ஓரிடத்தில் சேத்தின் சகோதரனாகவும், இன்னோரிடத்தில் அவனுடைய சகோதரனின் மகனாகவும் வருகிறார். எது சரி?

பதில்: இரண்டும் சரி, ஒரே தாளில் அடக்க முயன்றதுதான் சிக்கல். ஹீலியோபொலிஸ் நகரத்துப் பூசாரிகள் வகுத்த ஒன்பது தெய்வங்களின் வரிசையில் முதல் தெய்வமாகிய ஆத்துமிலிருந்து ஷூவும் தெஃப்நூத்தும், அவர்களிடமிருந்து நிலமாகிய கெப்பும் வானமாகிய நூத்தும், இந்த இருவருக்கும் ஓசிரிஸ், ஐசிஸ், சேத், நெஃப்திஸ் ஆகிய நால்வரும் பிறக்கின்றனர். இதில் ஹோரஸ் இல்லை. ஓசிரிஸுக்கும் ஐசிஸுக்கும் பிறந்த மகனாக அவர் அடுத்த தலைமுறையில் வருகிறார். ஆனால், வல்லூறு வடிவ வானத் தெய்வமாகிய மூத்த ஹோரஸும் உண்டு. ஆண்டின் 360 நாட்களுக்கு அப்பால் மிஞ்சிய ஐந்து நாட்களில் நூத் ஐந்து பிள்ளைகளைப் பெற்றதாகச் சொல்லும் கிரேக்கர் புளூட்டார்க், இந்த மூத்த ஹோரஸை இரண்டாம் நாளிலும் சேத்தை மூன்றாம் நாளிலும் வைக்கிறார். எனவே முதலில் கோயிலையும் காலத்தையும் கேட்டுக்கொண்டு, பிறகு கோடு போடுங்கள்.

கேள்வி: அப்படியென்றால் இளைய ஹோரஸுக்குச் சேத் சிற்றப்பன்தானே?

பதில்: தந்தை வழியில் சிற்றப்பன்; ஐசிஸின் உடன்பிறந்தவன் என்பதால் தாய்மாமனும் அவனே. ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு இரண்டும் ஒரே சொல்லாகிவிடுகிறது. தமிழில் யோசிக்கும் நமக்குத்தான் இந்த வேறுபாடு உறைக்கிறது, கதையும் அதன்மீதே திரும்புகிறது. பார்வோன் ஐந்தாம் ராம்சேஸ் காலத்துப் பாப்பிரஸ் ஏடு ஒன்றில், சேத்தால் கொல்லப்பட்ட ஓசிரிஸின் அரியணைக்காக ஹோரஸும் சேத்தும் 80 ஆண்டுகள் வழக்காடுகின்றனர். இருவரும் நீர்யானைகளாக மாறி நீருக்குள் மூழ்கியிருக்க, ஐசிஸ் ஈட்டிமுனை போன்ற செம்பு முள்ளைக் கயிற்றில் கட்டி எறிகிறாள். அது சேத்தின் மீது பாய்ந்ததும், உன்னுடன் ஒரே தாய் வயிற்றில் பிறந்தவன் அல்லவா நான் என்று அவன் கதறுகிறான். அவள் மனமிளகி முள்ளை விடுவிக்கிறாள். சினந்த ஹோரஸ் 16 தெபென் (எகிப்திய எடை அளவு) எடையுள்ள கத்தியுடன் கரையேறித் தாயின் தலையையே வெட்டி எடுத்துக்கொண்டு மலை ஏறுகிறான். மகன் பக்கமா, உடன்பிறந்தவன் பக்கமா என்ற இழுபறியை இத்தனை கூர்மையாகச் சொல்லும் பழங்கதைகள் குறைவு என்பது என் எண்ணம்.

கேள்வி: ஹாத்தோர் என்ற பெண்தெய்வம் ஹோரஸுக்குத் தாயா, மனைவியா?

பதில்: அவள் பெயரை எழுதும் முறையைப் பாருங்கள்: ஒரு செவ்வகக் கட்டம், அதற்குள் ஒரு வல்லூறு. ‘ஹோரஸின் இல்லம்’ என்பது அதன் பொருள். வல்லூறைத் தன்னுள் வைத்திருக்கும் வானம் என்று கொண்டால் அவளைத் தாயாகக் காண்பது எளிது. எத்ஃபு ஊரிலுள்ள ஹோரஸ் கோயிலிலோ அவள் மனைவி. கி.மு. 237இல் தொடங்கிய அக்கோயிலின் சுவர்கள், ஆண்டுதோறும் அவளுடைய கோயில் இருந்த தெந்தெராவிலிருந்து அவளுடைய திருவுருவம் படகேறி நைல் வழியே தெற்கே வந்து ஹோரஸுடன் தங்கிச் சென்ற விழாவை விவரிக்கின்றன. இவை போதாதென்று, அவள் சூரியத் தெய்வமாகிய ராவின் மகளாகவும் போற்றப்பட்டாள்.

கேள்வி: அமூன், மூத், கோன்சு ஆகிய தெய்வங்கள் இந்த ஒன்பதின்மருக்கு என்ன உறவு?

பதில்: நேரடியாக எதுவும் இல்லை. தீப்ஸ் நகரத்தில் தந்தை, தாய், மகன் என இவர்கள் தனிக்குடும்பம். மெம்பிஸில் ப்தா, செக்மெத், நெஃபெர்தெம் அவ்வாறே. தனித்தனியே வழிபடப்பட்ட தெய்வங்களைப் பிற்காலத்தில் இப்படி ஒரு வீட்டில் குடியமர்த்தினார்கள். அமூனுக்கு அதற்கு முன்பே அமௌனெத் என்ற துணை இருந்தாள்.

கேள்வி: தெய்வங்களில் உடன்பிறந்தவர்களே மணந்துகொண்டார்கள் என்பதால் எகிப்திய மக்களும் அப்படித்தான் வாழ்ந்தார்களா?

பதில்: அரச குடும்பங்களில் நடந்ததுண்டு; பார்வோன்கள் காலத்துப் பொதுமக்களிடம் அது வழக்கமன்று. புதிய அரசுக் காலத்தைச் (ஏறத்தாழ கி.மு. 1550 முதல் 1070 வரை) சேர்ந்த காதல் பாடல்களில் காதலியைச் ‘சகோதரி’ என்று அழைப்பது அன்புச்சொல் மட்டுமே. அதைக் கொண்டு உறவைத் தீர்மானிக்கலாகாது. படைப்புக் கதையிலோ, வேறு யாரும் பிறந்திராத உலகில் அவர்கள் வேறு யாரைத்தான் மணந்திருக்க முடியும்?

கேள்வி: சேத்தின் மனைவியான நெஃப்திஸ், அவன் கொன்ற ஓசிரிஸுக்காக ஏன் அழுகிறாள்?

பதில்: புளூட்டார்க் இதற்கு ஒரு குடும்பக் கதையே சொல்கிறார்: இருட்டில் ஆள் தெரியாமல் ஓசிரிஸ் நெஃப்திஸைக் கூடினான், அவன் விட்டுச் சென்ற மாலையைக் கண்டு ஐசிஸ் உண்மையை அறிந்தாள், நரித்தலைத் தெய்வமாகிய அனுபிஸ் ஓசிரிஸுக்கும் நெஃப்திஸுக்கும் பிறந்த பிள்ளை. எகிப்தியச் சவப்பெட்டிகளை நம்பும் நான் இக்கதையைச் சற்றுத் தள்ளியே வைப்பேன். அவற்றில் நெஃப்திஸ் சேத்தின் மனைவியாக அன்று, தமக்கையோடு சேர்ந்து ஒப்பாரி வைக்கும் தங்கையாகவே நிற்கிறாள்: கால்மாட்டில் ஐசிஸ், தலைமாட்டில் நெஃப்திஸ்.