பிராக்கில் ஒரு நாள்: அம்மாவின் முழங்கால் வலிக்கு ஏற்ற வழி

வணக்கம். பிராக்கில் ஒரே நாள், அம்மாவுக்கு முழங்கால் வலி, மூன்று மணி நேர நடைச் சுற்றுலாவில் சேரலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். குழுவின் வேகத்துக்கு அவரால் ஈடுகொடுக்க முடியாது. போதாக்குறைக்குப் பழைய நகரம் முழுக்கக் கல் பாவிய தெருக்கள்.

காலையில் முதலில் கோட்டைக்குப் போய்விடுங்கள். மேட்டில் நடந்து ஏறிப் போகாதீர்கள், 22ஆம் எண் டிராமில் போய் 'ப்ராஷ்ஸ்கி ஹ்ராட்' நிறுத்தத்தில் இறங்கினால், அதிக ஏற்றமில்லாமல் ஒரு பாலத்தைத் தாண்டி உள்ளே போய்விடலாம். காகித டிக்கெட் என்றால் ஏறியதும் மஞ்சள் பெட்டியில் முத்திரை குத்த மறக்காதீர்கள். செயின்ட் வீட்டஸ் பேராலயத்தை நிதானமாகப் பாருங்கள். 1344-ல் தொடங்கி 1929-ல்தான் முடித்தார்கள், நம்ம ஊர் மேம்பாலமே பரவாயில்லை!

திரும்பும்போது பலரும் நெருடோவா தெரு வழியாக நடந்து இறங்கச் சொல்வார்கள். அழகான தெருதான், ஆனால் முழங்காலுக்கு ஏற்றத்தைவிட இறக்கம்தான் எதிரி. அதே டிராமில் மாலோஸ்ட்ரான்ஸ்கே சதுக்கம் வந்துவிடுங்கள். அங்கிருந்து சார்லஸ் பாலம் பக்கம். 516 மீட்டர் நீளம், 30 சிலைகள், நின்று நின்று போகலாம்.

அப்புறம் பழைய நகரச் சதுக்கத்து 1410-ஆம் ஆண்டுக் கடிகாரம். மணிக்கொரு முறை எலும்புக்கூடு மணியடிக்கும், இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர் பொம்மைகள் வரும். ஒரு நிமிடம்கூட ஆகாது, அதற்காக அம்மாவை அரை மணி நேரம் நிற்க வைக்காதீர்கள்.