‘நனையாது’ என்று விற்ற படகு ஸ்டீரியோ நனைந்து கெட்டால் யாரைக் கேட்பது?

கேள்வி: மும்பை செம்பூரில் இருக்கிறேன். சொந்தமாக ஒரு ஃபைபர் படகு உண்டு. தூண்டில் மீன்பிடிப்பில் ஆசை உள்ளவர்களை ட்ராம்பே ஜெட்டியிலிருந்து ஏற்றிப் போவதுதான் பிழைப்பு. நானே ஓட்டுகிறேன், மச்சான் கூட வருவான். போன நவம்பரில் லாமிங்டன் ரோட்டில் ஒரு கடையில், படகுக்கு என்று சொல்லியே 26,800 ரூபாய்க்கு ஸ்டீரியோ ரிசீவர் வாங்கினேன். பெட்டியில் ‘வெதர்ப்ரூஃப், ஐபி 65’ என்று போட்டிருந்தது. கடைக்காரரே மிஸ்திரியை அனுப்பி டாஷ்போர்டில் மாட்டிக்கொடுத்தார். அதற்கு 2,500 ரூபாய் ஜிபேயில் போட்டேன், பில் தரவில்லை. மார்ச்சில் டிஸ்பிளேக்குள் ஆவி படிந்தது, ஒரே வாரத்தில் செட் போய்விட்டது. “உள்ளே தண்ணி போயிருக்கு, வாரண்டி கிடையாது” என்கிறார் கடைக்காரர். பில்லின் அடியில் ‘விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படாது’ என்று வேறு அச்சடித்திருக்கிறது. சம்பாதிக்கிற படகு என்பதால் நுகர்வோர் கோர்ட்டுக்கே போக முடியாது என்கிறார்கள். உண்மையா? அடுத்த செட் வாங்கும்போது எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: முதலில் ஒன்று. செட்டை இப்போதைக்குக் கழற்றாதீர்கள். தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்து ‘சும்மா திறந்து பார்க்க’ச் சொல்லவே சொல்லாதீர்கள். உங்கள் வழக்கின் பாதி பலம் அது இப்போது உட்கார்ந்திருக்கிற ஓட்டைக்குள் இருக்கிறது.

காரணம் அந்த ‘ஐபி 65’தான். இதில் 6 தூசிக்கு. 5 என்பது குழாய் முனையிலிருந்து பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும் என்பதற்கு. அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது, உப்புக் காற்றுக்குத் தனிச் சோதனை உண்டு. அதைவிட முக்கியம், டாஷ்போர்டில் பதிக்கும் ரிசீவர்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த எண் முன்முகத்துக்கு மட்டுமே பொருந்தும், அதுவும் ரப்பர் கேஸ்கெட் சரியாக அழுந்தி உட்கார்ந்திருந்தால்தான். ஏரியல், ஸ்பீக்கர் வயர், கரண்டு எல்லாம் சொருகும் பின்பக்கம் சாதாரணக் கார் செட்டைப் போலத்தான் இருக்கும். உங்கள் செட்டுக்கு எது என்பது கையேட்டிலேயே இருக்கும். கையேடு உங்கள் கைக்கு வந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. வரவில்லை என்றால் அதுவும் கடைக்கு எதிரான ஒரு புள்ளி.

இப்போது கடைக்காரர் சொல்வதைப் பாருங்கள். தண்ணீர் போயிருக்கிறது என்கிறார். சரி, எப்படிப் போனது? ஓட்டையைப் பெரிதாக வெட்டி, கேஸ்கெட்டை விட்டுவிட்டு, அலைத் தெறிப்பு வரும் திறந்த இடத்தில் முதுகைக் காட்டி மாட்டியிருந்தால், அது மாட்டிய வேலையின் குறை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இதைச் சேவைக் குறைபாடு என்கிறது. வேலை ஒழுங்காக இருந்தும் முன்முகத்தின் வழியாகவே தண்ணீர் இறங்கியிருந்தால் அது பொருளின் குறைபாடு. விற்றவரும் ஆள் அனுப்பி மாட்டியவரும் ஒருவரே என்பதால் இரண்டில் எதுவானாலும் அவர் பதில் சொல்லியாக வேண்டும். கடையில் செட்டை வாங்கி, வேறு எங்கோ ஆள் பிடித்து மாட்டியிருந்தால் இருவரும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டு உங்களை அலைய விட்டிருப்பார்கள்.

அதனால்தான் அந்த 2,500 ரூபாய் எனக்கு உறுத்துகிறது. ஜிபே யார் கணக்குக்குப் போனது? மிஸ்திரியின் சொந்த எண்ணுக்குப் போயிருந்தால், “அவன் வெளி ஆள், எனக்குச் சம்பந்தமில்லை” என்று நாளைக்குக் கடைக்காரர் சொல்வார். இன்றைக்கே அவருக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி போடுங்கள்: ‘நவம்பரில் நீங்கள் அனுப்பிய மிஸ்திரி மாட்டிய செட் வேலை செய்யவில்லை, அவரையே அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.’ சண்டை வேண்டாம், மிரட்டல் வேண்டாம். “அவன் ஊருக்குப் போயிருக்கான்” என்று ஒரு வரி பதில் வந்தாலே போதும், மிஸ்திரி அவர் ஆள் என்பது பதிவாகிவிடும். வாட்ஸ்அப் பதிவுகளைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாக்ஷ்ய அதினியம் (சாட்சியச் சட்டம்), 2023-இன் 63-ஆம் பிரிவு கேட்கும் மின்னணுப் பதிவுச் சான்றிதழையும் இணைப்பது நல்லது.

அப்புறம் எழுத்தில் நோட்டீஸ். சட்டப்படி கட்டாயமில்லை, ஆனாலும் அனுப்புங்கள். இன்ன தேதியில், இன்ன நேரத்தில் ஜெட்டியில் செட்டைக் கழற்றப் போகிறேன், வந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்று அதில் இருக்கட்டும். வந்தாலும் வராவிட்டாலும் அன்று இடைவெட்டில்லாமல் வீடியோ எடுத்துக் கழற்றுங்கள். கேஸ்கெட் இருக்கிறதா, ஓட்டையின் அளவு என்ன, பின்னால் உப்புப் பூத்திருக்கிறதா என்பதெல்லாம் தெரிய வேண்டும். பிறகு செட்டைத் திறக்காமல் பையில் போட்டு ஒட்டி வையுங்கள். சோதனை வேண்டும் என்று நுகர்வோர் ஆணையம் (நீங்கள் சொல்லும் நுகர்வோர் கோர்ட்) நினைத்தால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவின்படி தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பும். அந்தக் கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டி வரலாம். ஜூனில் படகைக் கரையேற்றுவதற்குள் இதை முடித்துவிடுங்கள். மழையில் மூன்று மாதம் கிடந்த டாஷ்போர்டைக் காட்டி ஒன்றும் நிரூபிக்க முடியாது.

சம்பாதிக்கிற படகு என்ற பயத்துக்கு வருவோம். வணிக நோக்கத்துக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை என்று அதே சட்டத்தின் 2(7)-ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். அதன் விளக்கத்திலேயே விலக்கும் இருக்கிறது: சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் தானே பயன்படுத்துவது வணிக நோக்கமாகாது. 1995-இல் லக்ஷ்மி இன்ஜினீயரிங் வொர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. கோவை பிஎஸ்ஜி நிறுவனம் எதிர்த்தரப்பாக இருந்த வழக்கு அது. ஆட்டோ வாங்கித் தானே ஓட்டுகிறவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் அந்தத் தகுதி போய்விடாது என்றது. உங்கள் மச்சான் அந்த உதவியாள் கணக்கில் வருவார். வணிக நோக்கம் என்று நிரூபிக்கும் சுமை எதிர்த்தரப்புக்கே என்று 2024-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது; அவர்கள் நிரூபித்துவிட்டால், சுயதொழில் என்று காட்டும் பொறுப்பு உங்களிடம் திரும்பும். ஆகவே படகின் பதிவுப் பத்திரம், ஓட்டும் உரிமம், வங்கிக் கணக்கு ஆகியவற்றைத் தயாராக வையுங்கள். புகார் மனுவிலேயே ‘சுயதொழில் மூலம் பிழைப்புக்காக மட்டும்’ என்று எழுதிவிட வேண்டும். ஐந்து படகு வைத்து ஆட்களைவிட்டு ஓட்டுகிற முதலாளிக்கு நான் இந்தப் பதிலைச் சொல்லமாட்டேன்.

‘திரும்ப எடுக்கப்படாது’ என்ற வரியைப் பற்றிக் கவலை வேண்டாம். குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும், பில் தராமல் இருப்பதும் 2(47)-ஆம் பிரிவில் முறையற்ற வணிக நடைமுறைகளாகவே பட்டியலில் இருக்கின்றன. படகுக்கு என்று நீங்கள் சொல்லி வாங்கியது இன்னொரு பலம். நோக்கத்தைச் சொல்லி, விற்பவரின் அனுபவத்தை நம்பி வாங்கினால், பொருள் அந்த நோக்கத்துக்குத் தகுந்ததாக இருக்க வேண்டும் என்பது சரக்கு விற்பனைச் சட்டம், 1930-இன் 16-ஆம் பிரிவு.

பெட்டியில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளர் பெயர், முகவரி, எம்ஆர்பி ஒட்டியிருக்கிறதா பாருங்கள். இருந்தால் அவரையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். இல்லையென்றால் அது 2011-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவு பொட்டல விதிகளுக்கு மாறானது. படம் எடுத்து வையுங்கள்.

கடை தென் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். செம்பூர் என்பதால் மும்பை புறநகர் மாவட்ட ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். அதற்கு முன் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு ஒரு போன் போட்டுப் பாருங்கள், சில கடைகள் அதிலேயே இறங்கி வந்துவிடும். செட் கெட்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். சோதனை தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நடைமுறையில் அதைவிட இழுக்கும்.

எவ்வளவு கேட்பது? செட் விலை, மாட்டிய கூலி, வட்டி, வழக்குச் செலவு, மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகை. ஐந்து லட்சம் நஷ்டஈடு என்று எழுதச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள், அந்த எண்ணைப் பார்த்ததும் மீதி மனுவின் மேலும் நம்பிக்கை குறைகிறது. பாட்டு இல்லாததால் சவாரி குறைந்தது என்ற கணக்கையும் நான் சேர்க்கமாட்டேன், அது வணிக நோக்கம் என்ற வாதத்துக்குத்தான் தீனி போடும்.

அடுத்த செட்டுக்கு என் யோசனை: திறந்த டாஷ்போர்டு என்றால் முகம் மட்டும் தாங்குகிற செட்டை வாங்காதீர்கள். முழு உடலுக்கும் தரம் சொல்லும் மாடல் வாங்குங்கள். அல்லது மெயின் பெட்டியை உலர்ந்த அறைக்குள் வைத்து, தண்ணீர் தாங்கும் ரிமோட்டை மட்டும் வெளியே மாட்டும் வகையைப் பாருங்கள். அமெரிக்கச் சந்தைக்கான செட் என்றால் ஏரியா செட்டிங் மாற்ற முடிகிறதா என்று கடையிலேயே சோதியுங்கள். அங்கே எஃப்எம் ஒற்றைப்படைத் தசமங்களில் மட்டும் நிற்கும், நம் 104.8 அதில் கிடைக்காது. ஏஎம்மும் அங்கே 10 கிலோஹெர்ட்ஸ் தாவல், இங்கே 9. வயர் ஈயம் பூசிய செம்பாக இருக்கட்டும், ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். வயர் செட்டுக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விட்டு ஏறினால் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். ஸ்பீக்கர் காந்தத்தைத் திசைகாட்டியை விட்டுத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். மெமரிக்கான மஞ்சள் வயரை நேராகப் பேட்டரியில் கொடுத்தால் வாரக்கணக்கில் நிற்கும் படகில் பேட்டரி இறங்கிவிடும்.

இதையெல்லாம் வாயால் கேட்டுவிட்டு வந்தால் உதவாது. ‘கடல் படகுக்கு, இன்ன மாடல், முழு உடலுக்கும் இன்ன ஐபி தரம், மாட்டும் கூலி உட்பட’ என்று ஒரே பில்லில் எழுதி வாங்குங்கள். எழுதத் தயங்குகிற கடையில் வாங்க வேண்டாம்.

நீங்கள் கேட்காத ஒன்று: காசு கொடுத்து ஏறும் பயணிகளுக்குப் பென்டிரைவில் சினிமாப் பாட்டுப் போடுவது பதிப்புரிமைச் சட்டம், 1957-இன் பார்வையில் பொதுமக்களுக்கு ஒலிபரப்புவதுதான், அதற்கு உரிமம் வேண்டும். கடைக்காரரின் வக்கீல் இதை எடுத்து மிரட்டிப் பார்க்கலாம். செட் கெட்டதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஆணையத்தில் சொல்லிவிடலாம், ஆனால் அடுத்த சீசனுக்குள் உரிமத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.