எல்லா பிரவுசரிலும் ஓடும் என்று சொல்லி விற்றார்கள்: கேள்வி-பதில்

கேள்வி (திருப்பூர்): மகளின் நுழைவுத்தேர்வுப் பயிற்சிக்கு ஆன்லைனில் ஆண்டுச் சந்தா கட்டினோம். 'எல்லா பிரவுசரிலும் ஓடும்' என்றார்கள். ஃபயர்ஃபாக்ஸில் மாதிரித் தேர்வுப் பக்கம் அடிக்கடி உறைந்து நிற்கிறது. குரோமில் ஓடுகிறது. கேட்டால், 'லேப்டாப் பழசு, புதுசு வாங்குங்கள்' என்கிறார்கள். வாங்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். அதே லேப்டாப்பில், அதே இணையத்தில் குரோம் சரியாக ஓடும்போது லேப்டாப் மேல் பழி போடுவது அநியாயம்.

முதலில் உங்கள் பக்கச் சந்தேகத்தைத் தீர்த்துவிடுங்கள். ஃபயர்ஃபாக்ஸின் உதவி மெனுவில் 'டிரபிள்ஷூட் மோட்' இருக்கிறது. அதில் எக்ஸ்டென்ஷன்கள் (பிரவுசரில் நாம் சேர்த்த கூடுதல் நிரல்கள்) நின்றுவிடும், ஹார்டுவேர் ஆக்சிலரேஷனும் (திரையில் வரையும் வேலையை கிராபிக்ஸ் சிப்பிடம் விடும் வசதி) அணைந்துவிடும். அப்போது வேகம் வந்தால் விளம்பரத் தடுப்பானில் தொடங்கி ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். வரவில்லையா? எஃப்12 அழுத்தி, 'நெட்வொர்க்' பகுதியைத் திறந்து வைத்து, இரண்டு பிரவுசரிலும் அதே பக்கத்தை ஓட்டுங்கள். சர்வர் பதில் தரும் நேரம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து, ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் உறைந்தால், பெரும்பாலும் கோளாறு அவர்களுடைய பக்கத்தின் ஸ்கிரிப்டில், அதாவது பக்கத்தை இயக்கும் நிரலில்தான். திரையைப் படம் பிடித்து வையுங்கள்.

இந்த விஷயத்தில் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. 'குரோம், எட்ஜ் இரண்டிலும் சோதித்தோம்' என்று விற்பவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். 2020 ஜனவரியில் எட்ஜும் குரோமின் அடித்தளமான குரோமியத்துக்கு மாறிவிட்டது. இரண்டுக்கும் உள்ளே இருப்பது பக்கத்தை வரையும் ஒரே பிளிங்க் இன்ஜின், ஸ்கிரிப்டை ஓட்டும் ஒரே வி8. ஆக, சோதித்தது ஒன்றைத்தான். ஃபயர்ஃபாக்ஸின் கெக்கோவும் சஃபாரியின் வெப்கிட்டும் வேறு இன்ஜின்கள். ஒரே ஸ்கிரிப்ட் ஒன்றில் சட்டென்று முடியும், இன்னொன்றில் இழுக்கும். அதைச் சோதித்துச் சரிசெய்வது காசு வாங்கியவரின் வேலை. அந்த வேலையைச் செய்யாமல் 'குரோம் போடுங்கள்', 'லேப்டாப் மாற்றுங்கள்' என்று வாடிக்கையாளர் தலையில் கட்டுகிறார்கள். நேரம் வைத்து எழுதும் தேர்வில் உங்கள் மகள் இழந்த நிமிடங்களுக்கு யார் பொறுப்பு?

இப்போதைக்கு அவர் குரோமில் எழுதட்டும். நீங்கள் படங்களை இணைத்து, சரிசெய்யுங்கள் அல்லது மீதிக் காலத்துக்குப் பணம் தாருங்கள் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். ஃபோனில் பேசுவதோடு நிறுத்திவிடாதீர்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

கேள்வி (மதுரை): வேகத்துக்காகத் தினமும் கேஷை அழிக்கிறேன். ஆனாலும் காலையில் எல்லாத் தளங்களும் மெதுவாகத்தான் திறக்கின்றன.

பதில்: அழிப்பதால்தான். பிரவுசர் கேஷில் சேமித்து வைத்ததையெல்லாம் தினமும் புதிதாக இறக்க வைக்கிறீர்கள்.

கேள்வி (சேலம்): 4 ஜிபி ரேம் லேப்டாப். எப்போதும் நாற்பது டேப் திறந்திருக்கும். எந்த பிரவுசர் வாங்கினால் வேகமாக இருக்கும்?

பதில்: பிரவுசருக்குக் காசு கொடுக்காதீர்கள், டேப்களை மூடுங்கள். குரோமில் ஷிஃப்டும் எஸ்கேப்பும் சேர்த்து அழுத்தினால் எந்த டேப் எவ்வளவு மெமரி தின்கிறது என்று தெரியும். இதைப் பார்க்காமலே கடைக்கு ஓடுகிறவர்களுக்கு எத்தனை முறைதான் சொல்வது? ரேம் கூட்டுவதாக இருந்தால், உங்கள் மாடலில் அதற்கு இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். 'பிறகு கூட்டிக்கொள்ளலாம்' என்று சொல்லி எனக்கு ஒரு கடையில் விற்ற லேப்டாப்பில் ரேம் போர்டிலேயே சாலிடர் செய்திருந்தது.

கேள்வி (கோவை): ஐபோனில் சஃபாரி மெதுவாக இருக்கிறதென்று குரோம் போட்டேன். அதே கதை.

பதில்: இந்தியாவில் ஐபோனில் ஓடும் குரோமுக்கும் உள்ளே இருப்பது சஃபாரியின் அதே வெப்கிட் இன்ஜின்தான்.

கேள்வி (நாகர்கோவில்): பிரவுசர் மெதுவாக இருந்தபோது 'வைரஸ்' என்று திரை முழுக்க எச்சரிக்கை வந்தது. அதிலிருந்த எண்ணுக்குப் பேசினேன். ரிமோட்டில் கம்ப்யூட்டருக்குள் வந்து, 4,999 ரூபாய் கட்ட வைத்தார்கள். எனக்கு வயது 68. வீட்டில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

பதில்: கூச்சப்பட வேண்டியவர்கள் அவர்கள், ஐயா. பயமுறுத்திப் பறிப்பதையே தொழிலாக வைத்திருக்கிறார்கள். இன்றே சைபர் மோசடிப் புகார் எண் 1930க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லுங்கள். அவர்கள் போட வைத்த ரிமோட் மென்பொருளை நீக்கும்வரை அந்தக் கம்ப்யூட்டரை இணையத்தில் இணைக்காதீர்கள். பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். வீட்டிலும் சொல்லிவிடுங்கள். 'பணத்தைத் திருப்பித் தருகிறோம்' என்று அதே ஆட்கள் மறுபடி அழைப்பதுண்டு.