படித்துக் களைத்தவர்களின் கேள்விகள்

கல்லூரி மாணவர்களுக்கு ஆலோசகராகப் பல ஆண்டுகளாக இருக்கிறேன். படிப்புச் சோர்வு, இறங்கும் மதிப்பெண் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அக்கா, முதல் ஆண்டில் வகுப்பிலேயே முதல் ஆளாக இருந்தேன். இப்போது புத்தகத்தைத் திறந்தாலே வெறுப்பு வருகிறது. நான் சோம்பேறி ஆகிவிட்டேனா?

படிக்காமல் கிடக்கும் அந்த நேரம் உனக்குச் சுகமாகப் போகிறதா, இல்லை "படிக்கணுமே" என்று நெஞ்சு அடித்துக்கொண்டே போகிறதா தம்பி? இரண்டாவது என்றால் அது சோம்பல் இல்லை. ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் 1974இல் "பர்ன்அவுட்" (burnout) என்ற இந்தச் சோர்வு நிலையைப் பற்றி எழுதினார். பிறகு கிறிஸ்டினா மாஸ்லாக் இதில் மூன்று அடையாளங்களைப் பிரித்துக் காட்டினார்: ஓய்வெடுத்தும் தீராத களைப்பு, செய்யும் வேலையில் பற்று விட்டுப்போவது, "என்னால் எதுவும் ஆகாது" என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இதை நோய் என்று சொல்வதில்லை, வேலையோடு சேர்ந்த நிலை என்றுதான் சொல்கிறது. படிப்பும் வேலைதானே. உன் கேள்வியில் அந்த இரண்டாவது அடையாளம் தெளிவாகத் தெரிகிறது.

இரவு 1 மணி வரை உட்கார்ந்து, பாடத்தை மூன்று நான்கு முறை வாசிக்கிறேன். போன முறையைவிட மார்க் இன்னும் குறைந்துவிட்டது. இன்னும் எத்தனை மணி நேரம் கூட்டுவது?

கூட்ட வேண்டாம், குறையுங்கள். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் உங்களைப் போலத்தான், மார்க் இறங்க இறங்கத் தூக்கத்தில் கை வைக்கிறார்கள். பகலில் படித்ததை மூளை பதியவைப்பதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது. 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரமும், அதற்கு மேல் குறைந்தது 7 மணி நேரமும் தூக்கம் வேண்டும். மாலையில் குடிக்கும் காபியையும் கவனியுங்கள். 5 மணி நேரம் கழிந்த பிறகும் அதிலுள்ள காஃபீனில் ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும்.

அடுத்தது நீங்கள் படிக்கும் முறை. ரோடிகர், கார்பிக் என்ற இருவர் 2006இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் நன்றாகச் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, வாசித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். நான்காவது முறை வாசிக்கும்போது வரிகள் பழகிப்போய் "தெரியும்" என்று தோன்றும். தேர்வறையில் பக்கம் கண்முன் இருக்காதே! ஒரு முறை வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடுங்கள். வெற்றுத் தாளில் வந்தவரை எழுதுங்கள். விட்டுப்போனதை மட்டும் திரும்பப் பாருங்கள். முதல் வாரம் பாதிகூட வராது, எரிச்சலாக இருக்கும். அதற்காக விட்டுவிடாதீர்கள்.

25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்கிறார்களே, எனக்கு ஒத்துவரவில்லை.

சரி, விட்டுவிடுங்கள். 10 நிமிடம் உட்கார முடிந்தால் அதிலிருந்து தொடங்கலாம். ஓய்வில் மட்டும் போனை எடுக்காதீர்கள், எழுந்து நடங்கள்.

என் மகள் 90லிருந்து 62க்கு வந்துவிட்டாள். கேட்டால் எரிந்து விழுகிறாள். போனைப் பிடுங்கி வைக்கலாமா?

பிடுங்காதீர்கள் அம்மா. இரவில் போன் படுக்கையறைக்கு வெளியே இருக்கட்டும் என்று பேசி முடிவு செய்யுங்கள், உங்கள் போனும் சேர்த்து. "மார்க் ஏன் குறைந்தது?" என்ற கேள்வியைக் கொஞ்ச நாள் ஒதுக்கிவிட்டு, "எந்தப் பாடம் உன்னை ரொம்பப் படுத்துது?" என்று கேட்டுப் பாருங்கள். அப்புறம், ஒரு முறை ரத்தப் பரிசோதனையும் செய்துவிடுங்கள். இரத்தசோகை, தைராய்டு குறைபாடு இரண்டுமே இப்படிக் களைப்பையும் எரிச்சலையும் தரும்.

நான்கு பாடம் அரியர். எங்கே தொடங்குவது என்றே தெரியவில்லை.

நான்கையும் ஒன்றாகத் தூக்காதீர்கள். மற்றப் பாடங்களுக்கு அடிப்படையான ஒன்று அதில் இருக்கும், அதை முதலில் எடுங்கள். ஆசிரியரிடம் "ஒன்றும் புரியவில்லை" என்று போகாமல், "இந்தக் கணக்கில் இந்த வரியில் நின்றுவிட்டேன்" என்று போங்கள். உதவி உடனே கிடைக்கும்.

படிப்பு மட்டுமில்லை, பாட்டு கேட்கக்கூடப் பிடிக்கவில்லை. ஒரு மாதமாக இப்படித்தான். சில நேரம் இல்லாமலே போய்விடலாம் என்று தோன்றுகிறது.

இதைச் சொன்னதற்கு நன்றி. படிப்பை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். பிடித்தவை எல்லாம் பிடிக்காமல் போய் இரண்டு வாரம் தாண்டினாலே மருத்துவரைப் பார்க்க வேண்டும். உங்களுக்கு ஒரு மாதம் ஆகிவிட்டது. இன்றைக்கே நம்பிக்கையான ஒருவரிடம் இதே வார்த்தைகளில் சொல்லுங்கள், அவரோடு மனநல மருத்துவரிடம் போங்கள். அந்த எண்ணம் பலமாக வரும்போது தனியாக இருக்காதீர்கள், உடனே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். இது மனச்சோர்வாக இருக்கலாம், அதற்குச் சிகிச்சை இருக்கிறது.

எல்லாம் செய்தால் எத்தனை நாளில் பழைய நிலைக்கு வரலாம்?

நாள் கணக்கில் வராது. நான் பார்த்தவரை முதலில் தூக்கம் சீராகும். சில வாரம் போனபின், ஏதோ ஒரு பாடத்தில் மட்டும் ஆர்வம் எட்டிப் பார்க்கும். மதிப்பெண் கடைசியில்தான் ஏறும். நடுவில் ஒரு தேர்வு இன்னும் மோசமாகப் போகக்கூடும், அதை இப்போதே வீட்டில் சொல்லி வையுங்கள்.